படியேறி வந்த மூச்சு

"17-10-95, செவ்வாய்." கோவையில் ஒரு மருத்துவமனையில் என் கணவருக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயின் உறைமீது, யாரோ ஓர் ஊழியர் நீல மையில் எழுதிய வரி இது. அதன் கீழே நான் பென்சிலால் "தீபாவளிக்கு முந்தின வாரம், ஐப்பசி பிறக்கும் தறுவாய்" என்று சேர்த்து வைத்திருக்கிறேன். எதற்கும் தேதி போட்டு வைப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் நடந்ததை நான்கு வருஷம் கழித்தும் வரிசை மாறாமல் சொல்ல முடிகிறது.

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் உப்பில்லாமல் நன்றாக இருந்ததால், தென்னையோடு சேர்த்து நூல் வெளுக்கும் பட்டறை ஒன்றும் வைத்திருந்தார் என் கணவர். சென்னிமலையில் பெட்ஷீட் நெய்பவர்கள் நூலைக் கொடுப்பார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அதை ஊறவைத்து, அலசி, பிறகு வேறொரு தொட்டியில் ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் நூல் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். இரண்டு தொட்டியும் ஒன்றோடொன்று சேரக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம்.

அன்று காலை மழை. சாரல் அடிக்காமலிருக்கப் பட்டறையின் மூன்று பக்கமும் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தார்கள். ஆசிட் தொட்டியில் விரிசல். நெசவாளர்களுக்கோ தீபாவளிக்கு முன்னால் நூல் வேண்டும். பவுடர் தண்ணீரை வடித்துவிட்டு அதே தொட்டியை ஆசிட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார் என் கணவர். தண்ணீர் வடிந்திருந்தது. ஆனால் நூலுக்கு அடியில் பவுடர் மண்டி சேறுபோலத் தங்கியிருந்தது. ஆசிட்டை ஊற்றியதும் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் புகை எழுந்தது. அது குளோரின் வாயு.

வேலைக்கு இருந்த இரண்டு பேரையும் வெளியே தள்ளிக்கொண்டு அவரும் வந்துவிட்டார். வந்தவர் வெளியிலேயே நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. தொட்டியில் இருந்த நூல் அடுத்தவருடையது. அடுத்தவர் பொருள் நம் கையில் கெடக் கூடாது என்பதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வீம்பு உண்டு. துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போய், நூலை வாரி வாரி வெளியே எறிந்தார்.

கண் எரிச்சலும் இருமலும்தான் முதலில். மோர் குடித்தார், சற்றுப் படுத்தார், சரியாகிவிட்டது என்றார். உச்சிப் பொழுதுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வாயோரத்தில் நுரை வந்தது. பெருந்துறையிலேயே நெஞ்சு நோய்க்குப் பேர்போன பழைய மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகலாம் என்றேன். என் மாமியார் கேட்கவில்லை. அங்கே கால் வைத்தால் ஊரே காசநோய் என்று முடிவுகட்டிவிடும் என்பது அவர் பயம். ஆகவே வாடகைக் காரில் கோவைக்கு ஓடினோம். வழியெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டு, மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மலை இருந்த திசையைப் பார்த்து அவர் சத்தமாகவே வேண்டினார்.

"சென்னிமலை ஆண்டவா, எம்பையனைக் காப்பாத்து. தைப்பூசத்துக்குள்ள உம்படியேறி வந்து முடி எடுப்பான்."

மகனைக் கேட்டு வேண்டிக்கொள்ளவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டாம் நாள்தான் மிக மோசம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். அப்புறம் மெல்ல மெல்ல இறங்கியது. எங்களுக்கு வாய்த்த நெஞ்சு மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. பதற்றமில்லாத முகம். எத்தனை கேள்வி கேட்டாலும் நின்று பதில் சொல்வார். நான் நிறையக் கேட்டேன். உள்ளே வெந்துபோனது திரும்ப வளருமா என்பதுதான் அதில் முக்கியமானது.

"முட்டி சிராய்ச்சுப் போனா புதுத்தோல் எங்கிருந்துங்க வருது? கடையிலயா வாங்கறோம்? பக்கத்துல தப்பிச்ச தோல்தான் பெருகி வந்து மூடுது. உள்ளேயும் அதே வேலைதாங்க நடக்கும்."

பிறகு விளக்கமாகச் சொன்னார். நுரையீரலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றுப் பைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பைகளின் உட்புறத்தில் இரண்டு வகைச் செல்கள். ஒன்று மிக மெல்லியது, விரித்துப் போட்டதுபோல் தட்டையானது. காற்று அதைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகிறது. வாயு பட்டால் முதலில் சாவதும் அதுதான். அதன் இடையிடையே உருண்டையாக இன்னொரு வகை இருக்கிறது. அது சற்றுக் கெட்டி. மெல்லியவை செத்துப்போன இடத்தில் இந்த உருண்டைச் செல்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பரவுகின்றன. பரவியவற்றில் பல நாளடைவில் தட்டையாகி, செத்தவற்றின் வேலையை எடுத்துக்கொள்கின்றன. மூச்சுக்குழாயின் உள்தோலும் அடியில் தப்பிப் பிழைத்த செல்களிலிருந்துதான் திரும்ப எழும்புகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இந்தச் செல்களுக்கு அடியில் ஒரு மெல்லிய விரிப்பு இருக்கிறதாம். அது கிழியாமல் இருந்தால்தான் புதுச் செல்கள் அதன்மேல் ஒழுங்காகப் படரும். கிழிந்திருந்தால் அந்த இடத்தில் வடு விழும். வடு சுருங்கி விரியாது, காற்று வாங்காது. என் கணவருக்கு இதில் எது என்று கேட்டேன். இரண்டு மூன்று மாதம் போனால்தான் தெரியும் என்றார்.

அப்போது என் கணவருக்கு முப்பத்தாறு வயது. வடு விழுந்தால் கிணற்றுமேடு வரை போவதற்கே மூச்சு வாங்கும் மனிதராக மிச்ச வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அந்த மூன்று மாதமும் எல்லாப் பேச்சுக்கும் அடியில் இருந்தது இந்த ஒரு கேள்விதான்.

மருத்துவமனையில் பார்க்க வந்தவர்களுக்குக் கணக்கில்லை. தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம். அன்று ஒருநாள்தான் யாரும் வரவில்லை, அவர் நிம்மதியாகத் தூங்கினார். நூல் கொடுத்த நெசவாளர் ஒருவர் கமலா ஆரஞ்சோடு வந்திருந்தார். எடுத்து எறிந்த நூல் தறியில் ஏற்றியதும் அற்றுப் போகிறது என்று வேறு வழியாக எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் கணவர்தான் சைகையால் நூல் என்று ஆரம்பித்தார்.

"நூலு சந்தையில கெடைக்குமுங்க. மூச்சு எந்தச் சந்தையிலங்க கெடைக்கும்? போனாப் போகுது, உடுங்க" என்று சொல்லிவிட்டு, பழத்தை உரித்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் தெளிவாகச் சொன்னார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடக்க வேண்டும். ஆழமாக மூச்சை இழுத்து விட வேண்டும். பலூன் ஊத வேண்டும். புகைப் பக்கமும் பட்டறைப் பக்கமும் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மாமியார் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் முன்கூடத்தில் கட்டில் போட்டார். அதில் படுத்தவரைத் தரையில் கால் வைக்க விடவில்லை. கை கழுவத் தண்ணீர் கட்டிலுக்கே வந்தது. தூதுவளை ரசம், ஆட்டு நுரையீரல் சூப் என்று வேளைக்கொன்று வந்தது. நடக்கச் சொன்னார்களே என்று நான் நினைவுபடுத்தினால், டாக்டருக்குப் படிப்பு தெரியும், பையனை எனக்குத்தான் தெரியும் என்பார். சொந்தக்காரர்களும் அவர் கட்சி. நெஞ்சில் அடிபட்டவன் அசையவே கூடாது என்பது எல்லோரின் தீர்மானம்.

"மூச்சை மிச்சம் புடிக்கோணும் கண்ணு. இருக்கற மூச்சை நடந்து செலவு பண்ணிப்போட்டா அப்புறம் என்ன பண்ணுவே?" என்பதுதான் மாமியாரின் வாதம்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் ஊர் மழை குறைந்த பூமி. கிணற்றுத் தண்ணீரையும் கரண்டையும் அளந்து அளந்து செலவழித்துப் பிழைக்கிறவர்களுக்கு, மூச்சும் அப்படியொரு பொருளாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரிய மாமனார் ஒருவர் தினமும் வருவார். பஞ்சுத் தூசிக்கே வெல்லம்தான் மருந்து, வாயுவுக்கு இரண்டு கட்டி சேர்த்துத் தின்றால் போதும் என்பார். கொண்டு வந்த வெல்லத்தில் பாதியைப் பேசிக்கொண்டே அவரே தின்றுவிடுவார். சுவரோரம் கிடந்த பலூன்களைப் பார்த்து, யாருக்குப் பிறந்தநாள் என்று ஒருநாள் கேட்டார். அந்தப் பலூன்களை ஊதியது நான். என் கணவர் இரண்டு ஊதுவதற்குள் அம்மா பிடுங்கிவிடுவார்.

கார்த்திகையில் மறுபடி கோவைக்குப் போனோம். மாமியாரும் வந்தார். குழாயில் ஊதச் சொன்னார்கள், முதுகில் குழலை வைத்துக் கேட்டார்கள். மருத்துவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தினமும் எவ்வளவு நடக்கிறார் என்று கேட்டார்.

"ஒரு அடி நடக்க உடலீங்க டாக்டரம்மா. அவ்வளவு பத்திரமா வச்சிருக்கறனுங்க" என்றார் மாமியார் பெருமையாக.

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. நுரையீரலின் அடிப்பாகம் விரியாமலே கிடக்கிறது, இது வாயு செய்த கெடுதல் இல்லை, கட்டில் செய்தது என்றார். காற்றுப் போகாத பைகள் ஒட்டிக்கொள்ளும், புதுச் செல் படர வேண்டிய இடத்துக்குக் காற்று போய்வர வேண்டும் என்று விளக்கினார். மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அவருக்கு வேறொரு கவலை.

"சென்னிமலைக்கு வேண்டியிருக்கறனுங்க. தைப்பூசத்துக்குள்ள படியேறி வந்து முடி எடுப்பான்னு. இப்ப இவனிருக்கற இருப்புல கார்ல மேல போயிட்டாச் செல்லுங்களா?"

மலைமேல் வண்டிப் பாதையும் உண்டு. மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

"வேண்டும்போது கார்னு சொன்னீங்களா, படின்னு சொன்னீங்களா?"

"படீன்னுதானுங்க."

"அப்ப நான் என்னங்கம்மா பண்ண முடியும்? மருந்துன்னா மாத்தி எழுதலாம். சாமிகிட்டச் சொன்னதை நான் மாத்த முடியுங்களா? படுத்தே கிடந்தா படி எப்படிங்க ஏறுவாரு? இன்னைக்கே நடக்க உட்டாத்தான் உண்டு."

திரும்பி வரும்போது, கார் பெருமாநல்லூரைத் தொட்டதும், மாமியார் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்குக் காத்தாலே கெணத்துமேடு வரைக்கும் நடந்தாகோணும், கண்ணு."

அதன் பிறகு எங்கள் வீட்டில் அவரைவிடக் கண்டிப்பான ஆள் இல்லை. விடிந்ததும் மகனை எழுப்பிவிடுவார். மகன் முன்னால் நடப்பார், அம்மா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார். மூச்சு வாங்கினால் உட்கார வைக்கத்தான் முக்காலி. முதலில் கிணற்றுமேடு, பிறகு கடைசித் தென்னை, பிறகு வண்டித்தடம், பிறகு தார்ரோடு. தினமும் முந்தின நாள் நின்ற இடத்தைக் கொஞ்சமாவது தாண்ட வேண்டும். சில நாள் மகனுக்கு முன்னால் அம்மாவுக்குக் கால் வலிக்கும், முக்காலியில் அவரே உட்கார்ந்துகொள்வார். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி ஒருவர் வேலியோரம் நின்று, "ஏனுங்க பங்காளி, நடக்கறது நீங்க, உக்கார்றது ஆருங்க?" என்று கேலி செய்வார். என் கணவர் சிரித்தால் இருமல் வரும். அதற்காகவே பங்காளி சிரிக்க வைப்பார் என்று எனக்குச் சந்தேகம்.

மார்கழி நடுவில் ஒரு நாள் எல்லாம் தலைகீழானது. பனி இறங்கியிருந்த காலை. யாரோ பக்கத்தில் காய்ந்த தென்னை மட்டைகளைக் கொளுத்தியிருந்தார்கள். பனியில் புகை மேலே போகாமல் தரையோடு நின்றது. தார்ரோட்டுக்குப் போகும் வழியில் அது நெஞ்சுக்குள் போய்விட்டது. இருமி இருமி முகம் கறுத்துவிட்டது. மூச்சு விசிலடித்தது. வரப்பில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். மாமியார் முக்காலியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் ஓடிப் போனேன்.

"அம்மணி, வடு உழுந்திருச்சு போலிருக்குது. எனக்கு இவ்வளவுதான்" என்றார் என்னிடம்.

விபத்து நடந்த நாளில்கூட அவர் அப்படிப் பேசியதில்லை. அன்றே கோவைக்குப் போனோம். மருத்துவர் குழலை வைத்துக் கேட்டார். உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் விசில் அடங்கியது. மறுபடி ஊதச் சொல்லிப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார்.

"வடுவா இருந்தா மருந்துக்குத் தொறக்காதுங்க. இது தொறந்துருச்சு. புதுத்தோல், புகை பட்டதும் சுருங்கிக்கிச்சு, அவ்வளவுதான். கார்த்திகையில ஊதினதைவிட இப்ப எவ்வளவோ தேவலை. நடையை நிறுத்த வேண்டாம்."

திரும்பும் வழியில் மாமியார் அழுதார். எனக்குத் தெரிந்து அந்த மூன்று மாதத்தில் அவர் அழுதது அன்று மட்டும்தான்.

தைப்பூசக் கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விடச் சொல்லியிருந்தார் மருத்துவர். வேண்டுதலும் பூசத்துக்குள் என்பதுதான், பூசத்தன்று என்றில்லை. ஆகவே தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் சென்னிமலை அடிவாரத்துக்குப் போனோம். ஏற்பாடு என்னவென்றால் நானும் அவரும் படியேறுவது, முட்டிவலிக்கார மாமியார் பஸ்ஸில் மேலே போய்க் காத்திருப்பது. பஸ் வந்து நின்றது. ஏறப் போனவர் திரும்பி வந்துவிட்டார். மேலே உட்கார்ந்து வழி பார்ப்பதைவிட இவன்கூட ஏறுவதே மேல் என்று சொல்லிவிட்டு முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டார். கையில் முக்காலி.

அபிஷேகத் தண்ணீர் சுமந்த மாடுகள் எங்களைத் தாண்டிப் போயின. அவசரமில்லாமல், நின்று நின்று, ஆனால் திரும்பிப் பார்க்காமல். நாங்களும் அப்படியே ஏறினோம். மண்டபம் வந்தால் நின்றோம். நான் அவர் உதட்டையும் நகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். நீலம் தெரிந்தால் உடனே இறங்கிவிட வேண்டும் என்பது மருத்துவரின் உத்தரவு. நீலம் தெரியவில்லை. வேர்வைதான் வந்தது.

பாதி மலைக்கு மேல் மூச்சு வாங்கியது மாமியாருக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். என் கணவர் நாலு படி இறங்கி வந்து, அம்மாவின் கையிலிருந்த முக்காலியை வாங்கி, படியில் சமமாக வைத்து அவரை உட்கார வைத்தார்.

"பேசாம உக்காருங்க. மூச்சை மிச்சம் புடிக்கோணும்."

மாமியார் அவர் கையில் ஓர் அடி வைத்தார். பிறகு சிரித்தார். சிரிக்க முடியாமல் மூச்சு வாங்கியது, அதற்கும் சேர்த்துச் சிரித்தார். மீதிப் படிகள் முழுக்க முக்காலியைச் சுமந்தது என் கணவர்தான். மேலே முடி எடுத்துக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு அவர் சந்நிதியில் நின்றபோது, பக்கத்தில் மாமியார் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். அப்படி என்ன வேண்டினீர்கள் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"இனிமே ஆருக்கும் நடக்கற வேண்டுதலே வைக்கறதில்லைன்னு சொல்லியிருக்கறேன், கண்ணு."

பங்குனியில் கடைசியாக மருத்துவரைப் பார்த்தபோது, என் கணவர் தம் வயதுக்காரர்கள் ஊதும் அளவை ஏறக்குறைய எட்டிவிட்டார் என்றார். புகைக்கு மட்டும் ஆயுசுக்கும் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னார். அந்த வருஷமே தொட்டிகளை இடித்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது எருமைகள் கட்டியிருக்கிறோம். கொஞ்ச நாள் முன்பு வேலி தாண்டிய எருமை ஒன்றைத் துரத்திக்கொண்டு என் கணவர் தார்ரோடு வரை ஓடிப் போய்த் திரும்பினார். எருமையைத் திட்டிக்கொண்டே வந்தார். ஓடிக்கொண்டே திட்ட முடிகிற ஒரு மனிதரின் நெஞ்சைப் பற்றி இதற்கு மேல் நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது வெளியே அன்போடு குறுக்கே நின்றவர்கள் நாங்கள். எங்களை மீறித்தான் அது நடந்தது. இப்போது யாரையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம், அவர்கள் நடக்க வழி விட்டிருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கடைசிச் சந்திப்பில் நான் கேட்ட ஒரு கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. என் கணவருக்குள் செத்துப்போன பைகளுக்குப் பதிலாகப் புதுப் பைகளே முளைத்தனவா, அல்லது தப்பிய பைகளே புதுத்தோல் போர்த்திக்கொண்டு எல்லா வேலையையும் பார்க்கின்றனவா என்று கேட்டேன். தோல் புதுசு என்று தைரியமாகச் சொல்லலாம், குழந்தைகளுக்குப் புதுப் பைகளே முளைக்கும், பெரியவர்களுக்கு முளைக்குமா என்பது தனக்கு உறுதியாகத் தெரியாது என்றார் மருத்துவர். பிறகு நூலகத்தில் கிடைத்த புத்தகங்களிலும் தேடினேன், ஒன்றுபோல் ஒன்று சொல்லவில்லை. ஆகவே இதை இப்படியே எழுதி வைக்கிறேன்: அன்று எருமைக்குப் பின்னால் ஓடிய மூச்சு பழைய பைகளிலிருந்து வந்ததா, புதியவற்றிலிருந்து வந்ததா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.